எனக்கு முன்னால் ஓர் இடம்

என் மனிதருக்கு,

டொரண்டோ குளிர் தாங்குகிறதா? டாக்டர் சொன்னதை மகள் போனில் சொன்னாள். அதை விடுங்கள்.

பார்படாஸில் நாம் குளிக்காத கடற்கரை இல்லை. கடைசியில் மனசு ஒட்டியது பேட்ஸ் ராக்கில்தான். விடிகாலையில் நம் கூட்டம் இன்னும் கழுத்தளவு நீரில் வட்டமாக நின்று ஊர்க்கதை பேசுகிறது. எனக்கு முன்னால், கடல் பக்கம் நீங்கள் நிற்கும் இடம் மட்டும் காலி.

நேற்று பக்கத்து வீட்டு எர்மின் அதட்டினாள்: "காலி இடத்தையே எத்தனை நாளுடி முறைப்ப? போய் நில்லு, கடல் ஒண்ணும் கடிக்காது!"

போய் நின்றேன். அங்கே பள்ளம். அலை முதலில் அங்கேதான் அடிக்கிறது. மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது.

"பேச வந்தா முதுகையே காட்டுறீங்க" என்று நாற்பது வருடம் சண்டை போட்டேனே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

இனி அது என் இடம். வந்ததும் என் பின்னால் நில்லுங்கள். அங்கே அலை அடிக்காது.

உங்கள் சண்டைக்காரி