எட்டடி ஜன்னல்

2024 ஜூலை 14, ஞாயிறு

படப்பையில் நாங்கள் வாங்கிய மனையில் பாபு மேஸ்திரி கயிறு கட்டி அளந்து காட்டினார். அவர் போட்ட பிளான் எனக்குப் பிடிக்கவே இல்லை. சமையலறைக்குத் தனிச் சுவர், பின்னால் பொந்து மாதிரி ஒரு படுக்கையறை, அதற்குச் சின்னதாக ஒரு ஜன்னல். ஆறு வருஷமாகக் குன்றத்தூர் வாடகை வீட்டில் பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்குகிறேன். சொந்த வீட்டிலும் அதே இருட்டா?

பிளானைப் படம் எடுத்து 'இல்லமேடை' ஆப்பில் போட்டேன். லட்சம் பேர் வீட்டுப் படம் போட்டு யோசனை சொல்கிற இடம். ஒரு மேஸ்திரிக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாமலா போகும்?

ஜூலை 16, செவ்வாய்

நாற்பத்தொரு பதில்! எல்லாரும் ஒரே மாதிரி: சுவரை எடு, கிழக்கே பெரிய ஜன்னல் வை.

ஆகஸ்ட் 3, சனி

மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். கூடமும் சமையலறையும் ஒன்று. படுக்கையறைக்குக் கதவு கிடையாது, வளைவு மட்டும். அதன் கிழக்குச் சுவரில் எட்டடி அகலத்துக்குக் கண்ணாடி ஜன்னல்.

"இன்னாம்மா, உன் வூட்டுக்காரரு நைட்டு வேலைக்குப் போறவராச்சே. அவராண்ட ஒரு வார்த்த கேட்டுக்கினியா?" என்றார்.

கேட்காமலா? ஒரகடம் கம்பெனியில் தகடு அழுத்துகிற பிரஸ் மெஷின் முன்னால் ராத்திரி முழுக்க சி ஷிஃப்ட் நின்றுவிட்டு வந்து, சோற்றில் கை வைத்தபடி சொக்கிக்கொண்டிருந்தார் செல்வம். "உனக்குப் புடிச்சா சரி பிள்ள" என்றார். அவர் ஊர்ப்பக்கம் பெண்டாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சரி என்றால் சரிதானே.

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

குடிவந்து ஒரு வாரம். இல்லமேடையில் எங்கள் வீடுதான் 'இந்த வார வீடு'. நாலாயிரம் லைக். கங்கா, படப்பை என்று கீழே என் பெயர். படத்தில் ஜன்னல் வெளிச்சத்துக்கு நடுவில் என் மகள் நிலா நிற்கிறாள். செல்வம் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

புது வீட்டில் முதல் சி ஷிஃப்ட். காலை ஏழே முக்காலுக்கு வந்தார், குளித்தார், இரண்டு தோசை சாப்பிட்டுப் படுத்தார். அந்த நேரத்துக்குச் சரியாக வெயில் ஜன்னல் வழியே வந்து அவர் முகத்தில் விழுந்தது. முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டார். குக்கர் விசில் அடித்தது. சத்தம் போடாதே என்று நிலாவை அதட்டி நான் போட்ட சத்தத்தில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"விடு பிள்ள, பழகிரும்."

குன்றத்தூர் இருட்டில் எத்தனை நிம்மதியாகத் தூங்குவார்! அந்த இருட்டைத்தான் நான் அத்தனை நாள் திட்டியிருக்கிறேன். நாற்பத்தொரு பேருக்குத் தெரியாது, அது சரி. எனக்குமா தெரியாது?

பிப்ரவரி 21, வெள்ளி

இல்லமேடையில் கேட்டேன்: பகலில் தூங்குகிறவருக்கு இந்த அறையை என்ன செய்யலாம்? பதினெட்டுப் பதில். காலை வெயில் மனசுக்கு நல்லதாம். எழுந்து யோகா செய்யச் சொல்ல வேண்டுமாம். ஒரு அம்மா, வேலையை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்களேன் என்கிறார். என்னமோ புடவை மாற்றுகிற மாதிரி. கீழேயே திரைச்சீலை விளம்பரம். வாங்கினேன்.

மார்ச் 12, புதன்

திரை போட்டால் அறை வெந்துபோகிறது. நான் வேலைக்குப் போகிற கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனில் கேட்டு அட்டைப்பெட்டிகள் கொண்டுவந்து, பிரித்து ஜன்னல் முழுக்க ஒட்டினேன். அப்படியும் வளைவு வழியே வெளிச்சமும் சத்தமும். இதுதான் 'இந்த வார வீடு' இப்போது இருக்கிற லட்சணம் என்று எழுதிப் படம் போட்டேன். பத்து நிமிஷத்தில் எடுத்துவிட்டார்கள். எதிர்மறையான பதிவாம், விதிமுறைக்குப் பொருந்தாதாம்.

எதுடா எதிர்மறை? என் வூட்டு ஜன்னலா?

ஏப்ரல் 3, வியாழன்

நேற்று ஷிஃப்டில் மெஷின் முன்னால் நின்றபடியே கண் மூடிவிட்டாராம். கையை உள்ளே விட்டிருக்கிறார். சென்சார் மெஷினை நிறுத்திவிட்டது. சூப்பர்வைசர் லைனிலிருந்து இறக்கி மெமோ கொடுத்திருக்கிறார்.

வந்ததும் இரண்டு கையையும் பிடித்து விரல்களை எண்ணினேன். பத்து. மறுபடியும் எண்ணினேன்.

"எல்லாம் இருக்கு பிள்ள."

இன்னொரு மெமோ வந்தா வேலை போயிடும். போவட்டும். கை போயிருந்தா? நான்தானே அந்த ஜன்னல வெச்சேன்.

சுவர் எழுப்பலாம்தான். எதை விற்று எழுப்ப?

ஏப்ரல் 6, ஞாயிறு

எங்கள் வீட்டுப் படம் இப்போது ஒரு சோபா விளம்பரத்தில் வருகிறது. எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். 'உங்கள் அழகான வீட்டைப் பகிர்ந்ததற்கு நன்றி' என்று பதில். மறுபடி எழுதினேன். மறுபடியும் நன்றி.

ஏப்ரல் 21, திங்கள்

குன்றத்தூரில் நாங்கள் இருந்த வீட்டை அவர் கம்பெனிப் பையன்கள் மூன்று பேர் எடுத்திருக்கிறார்கள். மூன்று பேருக்கும் பகல் வேலை, அப்போது வீடு காலியாகத்தான் கிடக்குமாம். "சி ஷிஃப்ட் வாரம் மட்டும் அங்க படுத்துக்கிடுதேன்" என்றார். லுங்கி, துண்டு, ஒரு பாய். தலையணையை எடுத்துப் பையில் வைக்கப் போனேன். "அது இங்கயே கெடக்கட்டும். நான் என்ன குடியா போறேன்?" என்று சிரித்தார்.

மே 13, செவ்வாய்

போனில் அவர் குரல் தெளிவாக இருக்கிறது. நன்றாகத் தூங்குகிறார். சந்தோஷப்பட வேண்டும்.

ஜூன் 11, புதன்

இப்போது நடுராத்திரியில் முடிகிற பி ஷிஃப்ட் வாரமும் அங்கேதான். ஆறு மணிக்கே இங்கே விடிந்துவிடுகிறதாம். அப்பா எப்போ வரும் என்று நிலா கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

வாலாஜாபாத்திலிருந்து ஜோதி என்று ஒரு பெண் இல்லமேடையில் எழுதியிருந்தாள். "அக்கா, என் வீட்டுக்காரரும் ஷிஃப்ட் வேலைதான். உங்க வீட்டு ஜன்னல் மாதிரியே வைக்கணும்னு ஆசை. அளவு சொல்லுங்க." படத்துக்குக் கீழேயே பதில் போட்டேன்: வேண்டாம்மா, அவர் எப்போது தூங்குவார் என்று கேட்டுவிட்டு ஜன்னல் வை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் என் பதிலைக் காணோம். லைக் ஐயாயிரத்தைத் தாண்டியிருக்கிறது.

செல்வம் காலையில் வந்திருந்தார். நிலாவோடு விளையாடினார், மீன்குழம்பு நன்றாக இருக்கிறது என்றார். ஜன்னல் அட்டையைப் பிரித்து அவர் தலையணையை வெயிலில் வைத்திருந்தேன். சாயங்காலம் கிளம்பும்போது அதை எடுத்துத் தட்டினார்.

பிறகு பையில் வைத்துக்கொண்டார். நான் ஜிப்பைப் போட்டுவிட்டேன்.