பெரீனுக்கு ஓர் அப்பா

ஷெத்திக்காம்,
ஜூன் கடைசி ஞாயிறு

அன்பு மகள் ஓதீலுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம், அங்கே கால்கரியில் நீயும் குட்டி ஸோயேயும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்க மாதா காப்பாற்றட்டும். போன வாரம் மலையிலிருந்து அடித்த சுவெத் காற்றில் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டு நம் வாசலில் வந்து விழுந்தது, கோழிகளைக் காணோம். அப்பா சிங்கி இறால் கூண்டுகளைக் கரையேற்றிக்கொண்டிருக்கிறார். குழந்தைக்குப் பல் முளைக்கிறது என்றாயே, ஈறை விரலால் தேய்த்துவிடு, கடையில் விற்கும் கண்ட மருந்தையெல்லாம் தடவாதே.

ஆகஸ்டில் நடக்கும் குடும்பக் கூடலுக்கு வரவில்லை என்று போனில் சொன்னாய், காரணம் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். நடந்ததைக் கேள். கூடலில் மாட்ட நம் குடும்ப மரத்தைக் கம்பளமாகச் செய்யும் வேலையை நம் குடும்பச் சங்கத்தார் என்னிடம்தான் கொடுத்தார்கள், குளிர்காலம் முழுக்கச் சாக்குத் துணியில் கம்பளி நூலைக் கொக்கி ஊசியால் இழுத்து இழுத்து விரலெல்லாம் மரத்துப்போனது. படம் வரைந்தவர் சங்கத் தலைவர், உன் நோர்மான் பெரியப்பா. அடியில் நம் ஆதிப் பாட்டி பெரீன், அவளுக்கும் கீழே வாளோடு ஒரு பிரெஞ்சுக் கேப்டன், அவள் அப்பாவாம். அவள் எத்தியேனின் மனைவி என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது, அந்தக் காலத்தில் ஆங்கிலேயர் நம் முன்னோரை ஊரைவிட்டே துரத்தியபோது கோயில் ஞானஸ்நான ஏடுகள் போன இடமும் தெரியாது. எதை வைத்து அப்பா என்கிறீர்கள் என்று கேட்டேன், வயது பொருந்துகிறதாம். வயது பொருந்தினால் அப்பாவா? கிறிஸ்துமஸில் பெரியப்பா சொன்னபோது அந்தக் கேப்டன் வெறும் சிப்பாய்தான், ஈஸ்டருக்குள் பதவி உயர்வு கொடுத்துவிட்டார் என்று உன் அஸாத் அத்தை சிரிக்கிறாள். அதே படத்தில் நம் கிளை உன் பெயரோடு நின்றுபோயிருந்தது. ஸோயே எங்கே என்றேன். "தகப்பன் பேரு தெரியாத புள்ளய எங்கம்மா ஒட்டவைக்கிறது? நம்ம ஊர்ல அப்பன் பேரு, தாத்தா பேரு சொல்லித்தான ஆளக் கூப்புடுறோம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே வீட்டுக்கு வந்து கொக்கியை எடுத்தேன்.

வியாழக்கிழமை கோயில் கூடத்தில் எல்லார் முன்னாலும் கம்பளத்தை விரித்தேன். பெரீனுக்குக் கீழே கேப்டனும் இல்லை, வாளும் இல்லை, வெறும் சாக்கு. தெரியாததைத் தெரியாது என்று விட்டிருக்கிறேன். உன் பெயருக்கு மேலே சிவப்புக் கம்பளியில் ஸோயே. நோர்மான் முகம் வெந்த இறால் நிறத்துக்குப் போய், அந்தப் பெயரைப் பிரித்தால்தான் இது மேடையேறும் என்றார். கத்தரியை எடுத்து நீட்டினேன். "புடிங்க அத்தான். அப்பன் யாருன்னு தெரியாதவளுக்கு இதுல எடமில்லன்னா மொதல்ல பெரீனப் பிரிங்க. அப்புறம் இங்க யாரு மிச்சம்னு பாப்போம்" என்றேன். அவர் கத்தரியை வாங்கவில்லை. ஹாலிஃபாக்ஸில் வேறு மரம் அச்சடித்துக்கொள்வதாகச் சொன்னார், தாராளமாக அடித்துக்கொள்ளட்டும். அங்கே வாயே திறக்காத அப்பா வழியெல்லாம் கம்பளத்தைத் தோளில் சுமந்து வந்தார். தெருவில் போகும் யாரும் பார்க்காமல் போக முடியாதபடி வீட்டு முன்சுவரில் இரண்டு ஆணி அடித்து அதை மாட்டிவைத்திருக்கிறார். தபால்காரர் நேற்று, லெயோனீஸ் மகள் ஓதீலோட ஸோயே எப்ப வர்றா என்று கேட்டார். அப்பன் பேர் இல்லாமலே கூப்பிட வருகிறது பார்.

எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், அவளைத் தூக்க வேண்டும். தலை குனிந்துகொண்டு வருவதானால் வராதே. ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி ஊரே சட்டி பானை தட்டிக்கொண்டு தெருவில் போகும், துரத்தியும் நாங்கள் தொலைந்துபோகவில்லை என்று சொல்லத்தான் அந்தச் சத்தம். அதில் முன்வரிசையில் நான் இடம் பிடித்துவிட்டேன், பக்கத்தில் நீ. கடற்காற்று குளிரும், குழந்தைக்குக் கம்பளிச் சட்டை மறக்காதே. அப்பாவும் நானும் உங்கள் இருவர் நெற்றியிலும் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறோம். ஒரு கரண்டியை இப்போதே அவள் கையில் கொடு, பிடித்துப் பழகட்டும்.

உன் அம்மா,
லெயோனீஸ்