வாசலில் குலைவாழை

சென்னை
ஆவணி, வியாழக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்லப்பன் வணக்கம். உங்கள் இருமல் மட்டுப்பட்டதா? வேப்பந்தட்டையில் மழை இறங்கியதா, பருத்தி ஊன்றிவிட்டீர்களா? அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா?

நான் சுகம். முகூர்த்த மாதம், பந்தல் வேலை ஓயவில்லை. போன வாரம் ஒரு வேடிக்கை. ஒரு கல்யாணப் பந்தலைப் பிரித்த கையோடு, அதே லாரியில் துக்க வீடு ஒன்றுக்குப் போனோம். என் கை பாட்டுக்கு அங்கேயும் வாசலில் குலைவாழையைக் கட்டிவிட்டது. இறந்தவன் வாலிபப் பையன். அவன் தாய் வெளியே வந்து பார்த்து, "யாருக்குப்பா கல்யாணம்?" என்றாள். உடனே அவிழ்த்துவிட்டேன். யாரும் அடிக்கவில்லை, கவலைப்படாதீர்கள்.

ஆனால் அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தும் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை அப்பா. கொஞ்ச நாளாக நாதஸ்வரமும் ஒப்பாரியும் காதுக்கு ஒரே சத்தமாக இருக்கிறது. கூட வேலை செய்யும் குரும்பலூர் காசிநாதன், "ஊருக்குப் போயிட்டு வாடா, ஒன் மொகமே சரியில்ல" என்கிறான்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் வறுத்த கடலை கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள்.

தையில் தங்கச்சி மலர்க்கொடி கல்யாணத்துக்கு நானே பந்தல் போடவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். வேறு ஆள் பாருங்கள். பெண்ணுக்கு அண்ணன் வாசலில் நின்று மற்றவர்களை வரவேற்க வேண்டியவன்தான், தெரியும். ஆனாலும் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது, என்மேலும் பன்னீர் தெளித்து, "வாங்க" என்று ஒருதரம் யாரையாவது கூப்பிடச் சொல்லுங்கள்.

கீழே லாரி ஹாரன் அடிக்கிறது.

உங்கள் மகன்
செல்லப்பன்