இருபத்திரண்டு வீட்டு ரேடியோ

12 மார்ச் 2025, புதன்

ஐம்பத்தொரு வருடத்துக்கு முன்பு எங்கள் வீட்டில் இருந்த ரேடியோவை இன்று காலை செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்துப் பிடுங்கிக்கொண்டார்கள். ரேடியோ மட்டுமில்லை, வீட்டையும். வீட்டை மட்டுமில்லை, தெருவையே. பார்த்த சாட்சி நூறு பேர் இருப்பார்கள். எல்லோரும் வடை தின்றுகொண்டிருந்தார்கள்.

ஆத்திரம் அடங்கவில்லை, வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். 1974இல் ஏதோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் வல்லத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு வந்து வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். எத்தனை பேர், என்ன வேலை, என்ன கூலி, என்ன சாப்பாடு, வீட்டில் என்ன பொருள். எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போய்ச் சென்னையில் ஒரு கிடங்கில் போட்டு மறந்துவிட்டார்கள். கரையான் தின்றது போக மிச்சத்தை இப்போது ஜெயஸ்ரீ என்கிற ஆராய்ச்சிக்கார அம்மாவும் அவருடைய ஆட்களும் தேடி எடுத்து, தூசி தட்டி, கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். ஜூலையிலிருந்து கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதை வைத்துப் பாடம். நல்ல காரியம்தான். அதைக் காட்டத்தான் இன்றைய கூட்டம்.

திரையில் எங்கள் ஊர் வரைபடம். கணக்கில் சேர்த்த தெருவெல்லாம் பச்சை: ஊர்த்தெரு பச்சை. மேற்குத் தெரு பச்சை. எங்கள் காலனி மட்டும் வெள்ளை. ஏன் என்று எழுந்து கேட்டேன். ஜெயஸ்ரீதான் பதில் சொன்னார்.

“ஐயா, அந்தத் தெருவுல இருபத்திரண்டு வீடு. இருபத்திரண்டுலயும் ரேடியோ இருக்குன்னு எழுதியிருக்கு. கரண்டே வராத தெரு. ஒருத்தருக்கும் நிலம் இல்ல. கணக்கெடுத்தவர் வீட்டுக்குப் போகாம மரத்தடியில உட்கார்ந்தே நிரப்பிட்டார்னு நினைக்கிறோம். அதனால தெருவையே எடுத்துட்டோம்.”

“ரேடியோ இருந்துச்சும்மா.”

“இருபத்திரண்டா?”

“எங்க வீட்ல இருந்துச்சு. பேட்டரியில பாடுச்சு.”

சிரித்தார்கள். ஊர்த்தெருவில் ஒரு பெரிய மனிதர் பன்னிரண்டு கறவை மாடு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அது பச்சைக்குள் பத்திரமாக இருக்கிறது. அவர் மாட்டை மேய்த்தவன் நான். மூன்று மாடு. அதில் ஒன்று காளை.

13 மார்ச்

பன்னிரண்டு மாட்டை நம்புகிற கம்ப்யூட்டருக்கு ஒரு ரேடியோவை நம்பத் தெரியாதா?

15 மார்ச், சனி

கிடைத்துவிட்டது. இரும்புப் பெட்டியின் அடியில் அப்பாவின், எங்கள் நைனாவின், ரேடியோ லைசென்ஸ். அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்கத் தபால் ஆபீசில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். நைனா பெயர், நைனா கையெழுத்து, 1974ஆம் வருடத்து முத்திரை. போதுமா?

பஜாரில் மஜீத்தின் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டு போனேன். நான் ஐந்தாவதோடு நின்றவன். மீதியெல்லாம் மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை எடை போட்ட நேரம் போக நானாகப் படித்தது. கம்ப்யூட்டர் மட்டும் மஜீத் கடையில், அவன் திட்டத் திட்டக் கற்றுக்கொண்டது.

“இன்னாண்ணே, ரேடியோ இப்ப எங்க?”

“செத்துப்போச்சு.”

“செத்துப்போன ரேடியோவுக்கு வாரிசு சர்டிபிகேட் வாங்க வந்துட்டாரு பாரு. நோன்பு நேரத்துல சிரிக்க வெக்காதீங்கண்ணே, தொண்ட காயுது.”

ஜெயஸ்ரீக்கு மெயிலை நானே அடித்தேன். மரியாதையாகத்தான். ‘திருட்டு’ என்ற சொல் மூன்று இடத்தில் மட்டும் வந்தது.

24 மார்ச், திங்கள்

வெற்றி! ஜெயஸ்ரீயே போன் செய்தார். “உங்க லைசென்ஸ் சரியா இருக்குங்கய்யா. உங்க வீட்டை மட்டும் திரும்பச் சேர்த்துடறோம்.”

கடை வாசலில் நின்ற எல்லோருக்கும் டீ சொன்னேன். மஜீத்துக்கு மட்டும் பாக்கி.

26 மார்ச், புதன்

பஸ் ஏறி ஊருக்குப் போனேன். வேறெதற்கு? கன்னியப்பனிடம் சொல்லத்தான். எதிர்வீட்டுக்காரன், என் வயதுக்காரன். நான் கிழக்கு என்றால் மேற்கு என்பதே அவனுக்குப் பிழைப்பு. லைசென்ஸை நீட்டினேன். கையில்கூட வாங்கவில்லை.

“உன் வூட்ட மட்டும் சேத்துக்கிறாங்களா? அப்ப நாங்கள்லாம் இன்னாடா, பொய் சொன்னவங்களா?”

“உங்க வூட்ல ஏதுடா ரேடியோ?”

“வாரத்துக்கு ஒரு வூட்ல இருக்கும்டா அது! ஞாயித்துக்கெழம சாயந்தரம் அடுத்த வூட்டுக்குப் போவும். எவன் வூட்டுக்குப் போவுதோ அவன் பேட்டரிக் கட்ட வாங்கிப் போடணும். கணக்கெடுக்க வந்தவன் ரேடியோ இருக்குதான்னு கேட்டான், இருக்குதுன்னாங்க. இருந்திச்சில்ல?”

“லைசென்சு எங்க நைனா பேர்ல.”

“தெருவுல கையெழுத்து போடத் தெரிஞ்சது அவரு ஒருத்தருதான். தபால் ஆபீசுக்கு அவர அனுப்பாம உன்னையா அனுப்புவாங்க? அரடிராயரு மாட்டிக்கினு சுத்தனவன்.”

லைசென்ஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். அவனுடைய அக்கா சின்னப்பொண்ணு வாசலில் நிறுத்தினாள். “ஏம்பா கோவிந்தசாமி, எங்கம்மா பேரு ஒரு ரேசன் கார்டுலகூட இல்ல, அதுக்குள்ள போயிட்டாங்க. நீ சொல்ற அந்தக் காயிதத்துல இருக்குமா?”

இருக்கும் என்றேன். எடுத்துவிட்டார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

27 மார்ச்

கன்னியப்பன் சொல்வது சுத்தப் பொய்.

— இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேடியோ எங்கள் வீட்டை விட்டுப் போகும்போது நான் அழுவேன். நன்றாக நினைவிருக்கிறது. நைனா இரவல் கொடுக்கிறார் என்றே இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். வாரம் தவறாமல் எவனாவது இரவல் கொடுப்பானா? என் வீட்டுக்கு நியாயம் வாங்குகிறேன் என்று போய், பாக்கி இருபத்தொரு வீட்டாரையும் பொய்யர் என்று எழுத்தில் நிரூபித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதற்கு டீ வேறு.

31 மார்ச்

ரம்ஜான். மஜீத் வீட்டில் பிரியாணி. ரேடியோவைப் பற்றி நான் பேசவே இல்லை என்பதற்காக இரண்டாவது தட்டு கிடைத்தது.

2 ஏப்ரல், புதன்

ஜெயஸ்ரீக்கு போன் செய்தேன். “எங்க வீட்டை எடுத்துடுங்கம்மா.”

“ஐயா, நீங்கதானே சண்டை போட்டு—”

“சேர்த்தா இருபத்திரண்டும் சேருங்க. இல்லன்னா ஒண்ணும் வேணாம்.”

ரேடியோ வீடு வீடாகப் போன கதையைச் சொன்னேன். கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு, “இது உண்மைன்னா நாங்க போட்ட விதிதான் தப்பு. ஆனா போன மாசம் ஒண்ணு சொன்னீங்க, இந்த மாசம் ஒண்ணு சொல்றீங்க. நீங்க ஒருத்தர் சொல்றத வெச்சு நான் மாத்த முடியாது. தெருக்காரங்க மூணு பேராவது தனித்தனியா சொல்லட்டும். நான் வந்து பதிவு பண்றேன்” என்றார்.

நியாயம்தான். ஆனாலும் பிடிக்கவில்லை.

13 ஏப்ரல், ஞாயிறு

வந்தார். ஒருவர் பேசும்போது மற்றவர் தெருக்கோடியில் நிற்க வேண்டும் என்று உத்தரவு. நான் வேப்பமரத்தடியில் நிற்க வைக்கப்பட்டேன், பள்ளிக்கூடத்தில் நின்றதுபோல.

சின்னப்பொண்ணு ரேடியோ எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீட்டுக்குப் போகும் என்று ஒரு மூச்சில் ஒப்பித்தாளாம். கன்னியப்பனும் அதே வரிசைதான், நடுவில் இரண்டு பேரைத் திட்டிக்கொண்டே. நானும் அதையே சொன்னேன். ஜெயஸ்ரீ பதிவை நிறுத்திவிட்டு, “சேர்த்துடறேங்கய்யா, இருபத்திரண்டும்” என்றார்.

ஒரே ஒரு சிக்கல். ரேடியோ யாருடையது என்று மூவரையும் கேட்டிருக்கிறார். சின்னப்பொண்ணு, தெருவுது. நான், தெருவுது. கன்னியப்பன் மட்டும், “கோவிந்தசாமி நைனாவுது. அந்த மனுசன் கையெழுத்து இல்லன்னா அது தெருவுக்கே வந்திருக்காது.” எனக்கு எதிராகப் பேசாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

இனி ஆக வேண்டியவை:

ஜெயஸ்ரீ — ஜூலைக்குள் தெரு திரும்ப வர வேண்டும். பழைய பதில் ஒன்றையும் அழிக்கக் கூடாது. கீழே குறிப்பு: ரேடியோ ஒன்று, வைத்திருந்தவர்கள் இருபத்திரண்டு வீட்டார்.

அவருடைய ஆட்கள் — கரண்ட் இல்லாத வீட்டில் ரேடியோ இருக்காது என்ற விதியைத் தூக்க வேண்டும். பேட்டரிக் கட்டை என்றால் என்னவென்று அவரவர் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

மஜீத் — சின்னப்பொண்ணு அம்மாவின் பெயர் இருக்கிற பக்கம் வந்ததும் பெரிய எழுத்தில் ஒரு பிரிண்ட். லேமினேஷனோடு.

கன்னியப்பன் — எங்கள் நைனாவுது என்று சொன்னதை வாபஸ் வாங்க வேண்டும்.

நான் — வருகிற ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் போய் அவனை வாபஸ் வாங்க வைக்க வேண்டும். மசியாவிட்டால் அடுத்த ஞாயிறும்.