குழாய்க்குள் ரயில்

நவம்பர் 21

அன்பான மருமகளுக்கு,

டியூட்டி முடிந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து இதைப் படி. அவசரம் ஒன்றும் இல்லை. எல்லாம் நல்ல சேதிதான்.

என் மகளின் மூத்தவன் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மிச்சம் இரண்டு எங்கேடா என்று கேட்டு எழுதினேன். வாத்தியார் வைத்துக்கொண்டாராம். அவன் தங்கை நீச்சலில் வெள்ளிக் கோப்பை வாங்கியிருக்கிறாள். என் மூத்த மகனின் பையனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, அதுவும் முதல் பட்டியலிலேயே. இந்தக் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத ஆள் நான் ஒருத்திதான். அதையும் ஒரு சாதனையாகச் சேர்த்துக்கொள்.

உன் மகள், நம் வாலு, நூறு வரை எண்ணுகிறாள். அறுபத்தொன்பதை மட்டும் தாண்டிக் குதித்துவிடுகிறாள். கேட்டால், "அது எனக்குப் பிடிக்கல பாட்டி" என்கிறாள். ஐந்து வயதில் இத்தனை வாய். உன்னிடமிருந்து வந்ததுதான், என் மகன் பச்சைக் குழந்தையிலும் பேசாதவன். கப்பலிலிருந்து அவன் கடிதம் வந்ததா?

குளிர் இறங்கிவிட்டது. இந்த வருஷம் விறகுக்காரர் ஏமாற்றிவிட்டார். எல்லாம் ஈர விறகு. வீட்டைச் சூடாக்குகிற இரும்பு அடுப்பில் வைத்தால் நுனியில் நுரை தள்ளிக்கொண்டு அழுகிறது, எரிய மாட்டேன் என்கிறது. மர அறுவை மில்லில் போய்க் கேட்டேன். அங்கே மரத்தூளை இயந்திரத்தில் அழுத்தி உருளையாகச் செய்து வைத்திருக்கிறார்கள். முழங்கை நீளம், செங்கல் கனம். மரத்தூள் கட்டை என்கிறார்கள். இரண்டு விறகுக்கு ஒரு கட்டை என்று சேர்த்து வைத்தால் ஈர விறகும் வழிக்கு வந்துவிடுகிறது. வீடு கதகதவென்று இருக்கிறது.

முதல் நாள் ஒரு கூத்து. விறகு வேகமாக எரிந்தால் தண்ணீர் தெளித்து வைப்போமே, அந்தப் பழக்கத்தில் கட்டைகள் மேல் ஒரு கை தெளித்து வைத்தேன். காலையில் பார்த்தால் கட்டை இல்லை, மாவு! மில்லுக்காரரிடம் சொன்னேன். "அது தூளும்மா, தண்ணி பட்டா பொறந்த வீட்டுக்கே திரும்பிடும்" என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

போனில் கூப்பிடாதே. எனக்கு வண்டு பறக்கிற சத்தம்தான் கேட்கிறது. எழுது.

அன்புடன்,
அத்தை

*

நவம்பர் 30

அன்புள்ள அத்தைக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மாவு கதையைப் படித்துவிட்டு வார்டில் நான் சிரித்த சிரிப்பில் ஒரு நோயாளி கண் விழித்துவிட்டார்.

ஆனால் அத்தை, எனக்குப் பயமாகவும் இருக்கிறது. அந்தக் கட்டைக் கட்டின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்குமே, அதைப் படித்தீர்களா? என்னோடு வேலை செய்கிற நர்ஸ் வீட்டிலும் இதைத்தான் எரிக்கிறார்கள். விறகைவிட இது பல மடங்கு சூடாம். எரியும்போது உப்பி நீளுமாம். அதனால் அடுப்பை நிறைக்கக் கூடாது, கிளறவே கூடாது என்றாள். ஈர விறகு எரித்தால் புகைக்குழாய்க்குள் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளுமாம். இந்த வருஷம் குழாயைத் துடைக்க ஆள் வந்தாரா?

இன்னொன்று. மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்கு எதிரே, டியூட்டி நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு குழந்தைகள் காப்பகம் திறந்திருக்கிறார்கள். ஊழியர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. வாலுவுக்கு ஒரு இடம் கேட்டு வைத்தேன், கிடைத்துவிட்டது. சேர்க்கிறேன் என்றோ வேண்டாம் என்றோ டிசம்பர் இருபதாம் தேதிக்குள் சொல்ல வேண்டும். உங்களிடமிருந்து அவளைப் பிடுங்க நினைக்கவில்லை. உங்கள் காது மட்டும்தான் என் கவலை. நான் ஊருக்கு வந்தபோது பின்னால் நின்று மூன்று தடவை கூப்பிட்டேன். நீங்கள் திரும்பவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்
மருமகள்

*

டிசம்பர் 8

அன்பான மருமகளுக்கு,

கோபம் என்ன கோபம். எனக்குக் காது கேட்கவில்லை என்று யார் சொன்னது? பின்னால் நின்று கூப்பிட்டால் யாருக்கும்தான் கேட்காது. முன்னால் வந்து கூப்பிடு.

அந்தத் தாளில் எழுத்து கடுகு மாதிரி இருக்கிறது. கடுகைப் படிக்க எந்த வகுப்பு வரை போக வேண்டும்? ஆனால் மில்லுக்காரர் எல்லாம் வாயாலேயே சொன்னார், நீ எழுதியதும் அதேதான். எனக்கு எல்லாம் தெரியும்.

குழாயும் துடைத்தாகிவிட்டது. புதன்கிழமை ஆள் வந்து ஏணி போட்டு, பிரஷ் விட்டுச் சுத்தமாக எடுத்துவிட்டார். ஒரு மூட்டுக் குழாயும் புதிதாக மாற்றியிருக்கிறோம். பழையதுதானே, அதனால். ஒன்றும் விசேஷம் இல்லை.

வாலு நன்றாகச் சாப்பிடுகிறாள். நான்கு நாள் கொஞ்சம் இருமல் இருந்தது, இப்போது சரியாகிவிட்டது. தூங்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். புதுப் பழக்கம். குளிர்தானே.

காப்பகத்தைப் பற்றி உன் இஷ்டம். ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்நிய மனுஷர்கள் இருபது பிள்ளைகளோடு இவளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். இங்கே இவள் ஒருத்திதான். அவள் மூக்கை உறிஞ்சினால் எனக்குத் தெரியும்.

உனக்காக அவள் ஒரு படம் வரைந்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாதாம், அம்மாவுக்கு மட்டும்தானாம். மடித்து, எச்சில் தொட்டு ஒட்டிக் கொடுத்தாள். அப்படியே வைத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அத்தை

*

டிசம்பர் 13

அன்புள்ள அத்தைக்கு,

படத்தைப் பிரித்தேன். ஒரு வீடு. கூரையில் குழாய். குழாயின் உச்சியில் சிவப்புக் கலரால் முடி மாதிரி கிறுக்கியிருக்கிறாள், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி. வீட்டுக்கு வெளியே இரண்டு பேர் நிற்கிறார்கள். சின்னவளின் வாய் பெரிதாகத் திறந்திருக்கிறது. பெரியவளுக்கு முகம் இருக்கிறது, கண் இருக்கிறது, கொண்டைகூட இருக்கிறது. காது மட்டும் வரையவில்லை.

என்ன நடந்தது அத்தை?

அவர் கப்பலில் இருக்கிறார். கேட்க எனக்கு வேறு யாரும் இல்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரருக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். நம்பர்கூட எடுத்தேன், வைத்துவிட்டேன். உங்களுக்குத் தெரியாமல் உங்களைப் பற்றி விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. எனக்கு அம்மா இல்லாமல் போன பிறகு நீங்கள்தானே.

இருபதாம் தேதி நெருங்குகிறது. ஒன்றும் நடக்கவில்லை என்று நீங்கள் எழுதினால் நான் நம்புவேன். காப்பகத்தில் இடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். உங்கள் வார்த்தை போதும்.

உங்கள்
மருமகள்

*

டிசம்பர் 16

கண்ணு,

உன் கடிதம் வந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. "ஒன்றும் நடக்கவில்லை" என்று ஒரு தாளில் எழுதினேன். அழகாகத்தான் வந்தது. அடுப்பில் போட்டுவிட்டேன்.

டிசம்பர் ஒன்றாம் தேதி, காப்பகம் என்று நீ எழுதிய கடிதம் வந்து சேருவதற்கு முந்தின நாள். சாயங்காலம் நான்கு மணி இருக்கும். வாலுவுக்கு இருமல். வீடு சில்லென்று இருந்தது. அன்று விறகு சுத்தமாகப் பற்றவில்லை. இரண்டு விறகுக்கு ஒரு கட்டை என்ற கணக்கை விட்டுவிட்டேன். வெறும் கட்டையாக நான்கு அடுக்கினேன். பார்க்க நான்கும் சின்னதாகத்தான் இருந்தது, அடுப்பில் பாதிகூட நிறையவில்லை. ஐம்பது வருஷமாக அடுப்பை நிறைத்தே பழகிய கை. கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக எரிகிறதே என்று கம்பியை விட்டுக் கிளறியும் விட்டேன். மில்லுக்காரர் இரண்டையும் கூடாது என்று சொல்லியிருந்தார். நான் தலையாட்டினேன். அவர் சொன்னதில் பாதிதான் எனக்குக் கேட்டது. மீதிக்குச் சும்மா தலையாட்டினேன். இப்போதெல்லாம் யார் எது சொன்னாலும் அப்படித்தான் ஆட்டுகிறேன்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து உன் மகளின் சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். அடுப்புக்கு முதுகைக் காட்டி.

அவள் வந்து, "பாட்டி, குழாய்க்குள்ள ரயில் ஓடுது" என்றாள்.

"ஓடட்டும். டிக்கெட் எடுத்துட்டியா?" என்றேன்.

"எடுக்கல. நெசமாவே ஓடுது பாட்டி."

"அப்ப டிக்கெட் பரிசோதகர் வர்றதுக்குள்ள ஒளிஞ்சுக்கோ."

எனக்கு ஒரு சத்தமும் இல்லை, கண்ணு. வீடு அமைதியாக இருந்தது. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். அவள் என் முழங்காலைக் கிள்ளினாள். விளையாடுகிறாள் என்று கையைத் தட்டிவிட்டேன். அப்புறம் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். வாயைத் திறந்து கத்துகிறாள், கண்ணில் தண்ணீர். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். குழாய் அடியிலிருந்து உத்தரம் வரை சிவப்பு. பழுத்த இரும்பு. கட்டைகள் உப்பி வந்து அடுப்பின் கதவை உள்ளிருந்து தள்ளி, ஒரு விரல் திறந்திருக்கிறது.

கதவைக் காலால் உதைத்துச் சாத்தினேன். கீழே காற்று போகிற துவாரத்தை மூடினேன். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவள் காலில் செருப்பு இல்லை. கூரைக்கு மேலே குழாய் வாயில் ஒரு ஆள் உயரத்துக்கு நெருப்பு நின்றது. தையல்காரர் தீயணைப்புக்குப் போன் செய்தார். அவர்கள் வருவதற்குள் அதுவாகவே அடங்கிவிட்டது. குழாய்க்குள் ஒட்டியிருந்த தார் பற்றினால் ரயில் மாதிரிதான் இரையுமாம், அது எல்லாம் எரிந்து தீர்ந்துவிட்டதாம். மூட்டுக் குழாய் பிளந்திருந்தது. பக்கத்துப் பலகை கருகியிருந்தது. இன்னும் கால் மணி நேரம் ஆகியிருந்தால் என்று இழுத்தான் தீயணைப்புப் பையன்.

புதன்கிழமை குழாய் துடைக்க வந்தவர் சொன்னதைத்தான் உனக்கு எழுதக் கை வரவில்லை. "போன மாசமே வந்தேம்மா. மூணு நாள் வந்து கதவத் தட்டினேன். உள்ள வெளிச்சம் இருந்துது, நீங்க தெறக்கல" என்றார். மூன்று நாளும் நான் வீட்டில்தான் இருந்தேன். கதவுக்கு இரண்டு அடி தள்ளி.

அன்றிலிருந்து எனக்கு நெருப்பைப் பார்த்துப் பயமில்லை. அமைதியைப் பார்த்துத்தான் பயம். வீடு சும்மா இருக்கிறது என்று நான் நினைக்கும்போது நிஜமாகவே சும்மா இருக்கிறதா? மணிக்கு நான்கு தடவை எழுந்து போய்க் குழாயைத் தொட்டுப் பார்க்கிறேன். வாலு என்னைப் பார்க்கிறாள். நான் கேட்காமலேயே, "ரயில் இல்ல பாட்டி, உக்காருங்க" என்கிறாள். விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்து அடுப்புப் பக்கத்தில் நின்று கேட்கிறாள். நேற்று கதவு தட்டுகிற சத்தம் கேட்டு என்னை வந்து கூப்பிட்டாள். எனக்கு அவள் காதாகிவிட்டாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த வேலையை நான் கொடுத்துவிட்டேன். அவள் பெருமையாகத்தான் செய்கிறாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவளை விட்டுவிட்டு இருக்க எனக்குப் பயம். அதற்காகத்தான் பொய் எழுதினேன், வேறு காரணம் இல்லை. மறைத்த கடிதத்திலேயே அவள் படத்தையும் வைத்து ஒட்டி அனுப்பியிருக்கிறேன் பார், எவ்வளவு புத்திசாலி உன் மாமியார்.

காப்பகத்தில் இடத்தை எடுத்துக்கொள். சனிக்கிழமை நீ வா. அவள் துணிகளைத் துவைத்து மடித்து வைத்துவிட்டேன், அந்தப் பொத்தானையும் தைத்து முடித்துவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீ வந்து சொல். நான் சொன்னால் என் முகத்தைப் பார்த்துவிடுவாள். போகும்போது அழுதால் திரும்பிப் பார்க்காதே, வண்டியை எடுக்கச் சொல்லிவிடு. எனக்குக் கேட்காது.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. மில்லுக்காரரின் மனைவி ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டித் தந்திருக்கிறாள்: இரண்டு விறகு, ஒரு கட்டை, கிளறாதே. தையல்காரர் காலையிலும் மாலையிலும் எட்டிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். காது டாக்டரிடம் தை மாதம் போகிறேன், இந்தத் தடவை நிஜமாகவே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இங்கே சுவரில் இருக்கிற போட்டோ எல்லாவற்றிலும் அவள் என் மடியில்தான் இருக்கிறாள். அங்கே போய்ச் சேர்ந்ததும் புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. உன் மடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

அத்தை