முருகன் அட்டைக்குள் ஒரு கொலைகாரன்

இன்று அலமாரியைத் துடைக்கும்போது உன் புத்தகம் ஒன்று கையில் வந்தது. மேலே முருகன் படம் போட்ட காலண்டர் தாள், உள்ளே ஆங்கில நாவல். அட்டை மடிப்பிலிருந்த குங்குமம் விரலில் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு வேலை ஓடவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், சமையலறைக்குப் போய் எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். பெம்பானில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், என்னைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டு ஒரு மாதமாகிறது. இன்று மாலைக்குள் பதில் சொல்கிறேன் என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இந்த வயதில், புருஷன் போய் இத்தனை வருஷம் கழித்து! யோசனை கேட்க நீ இல்லை. உன்மேல் கோபம் கோபமாக வருகிறது.

ஜாசினிலிருந்து கம்பெனி பஸ்ஸில் நாம் வேலைக்குப் போகும்போதெல்லாம், நீ படித்த இந்த நாவல்களை எனக்குக் கதையாகச் சொல்லிக்கொண்டே வருவாய். எல்லாம் ஒரே மாதிரிக் கதைதான். ஒரு நர்ஸோ டீச்சரோ இருப்பாள், எவனோ அவளைப் பின்தொடர்வான், காவலுக்கு வருகிற போலீஸ்காரனுக்குக் கர்த்தர்மேல் ஏதோ மனக்கசப்பு. அவளுக்கும் அவனுக்கும் காதல் வரும், ஆனால் கேட்காமல் அவள் கையைக்கூடப் பிடிக்கமாட்டான். "இது என்னடி, சர்ச் கதை, நமக்கெதுக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சாமி யாரா இருந்தா என்ன லா? இதுல நல்ல ஆம்பள வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தான் உள்ள வரான். கொலைகாரன் மட்டும்தான் கேக்காம வரான்" என்றாய். உன் வீட்டில் உன்னைக் கேட்டு யாரும் எதையும் செய்ததில்லை என்று எனக்குத் தெரியும்.

அட்டையில் சிலுவை தெரிந்தால், மருமகள் மதம் மாறிவிட்டாள் என்று உன் மாமியார் வீட்டை இரண்டாக்கிவிடுவார். அதனால்தான் எல்லாவற்றுக்கும் முருகனை அட்டையாகப் போட்டாய். அந்த அம்மா ஒரு நாள் என்ன செய்தார்? சாமி புத்தகம் சோபாவில் கிடக்கிறதே என்று பதறிப்போய், அதை எடுத்துச் சாமி மேடையில் வைத்து, குங்குமம் இட்டு, ஒரு செம்பருத்தியும் சாத்திவிட்டார். உனக்கோ அப்போது வீட்டு விலக்கு. அடுப்படி வேலைக்குத் தடையில்லை, மேடைப் பக்கம் மட்டும் போகக்கூடாது. கடைசி அத்தியாயம்தான் பாக்கி, கொலைகாரன் யாரென்று தெரியவில்லை. "மண்டையே வெடிச்சிரும் போல இருக்குடி. நீ வந்து பாத்துச் சொல்லேன்" என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினாய்.

வந்தேன். "வாம்மா, பசியாறிட்டியா?" என்ற உன் மாமியாரிடம், சாமி கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்றேன். மேடைமுன் நின்று, புத்தகத்தைப் பிரித்து, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தேன். துப்பாக்கி வெடித்த இடத்தில் "ஐயோ!" என்று கத்திவிட்டேன்.

"பாரு, எப்படி உருகி நிக்குது இந்தப் பொண்ணு. நீயும் இருக்கியே" என்று அவர் உன்னைத் திட்டினார். நீ அடுப்படியில் துண்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாய். நான் வந்து, "பாஸ்டரோட தம்பி" என்று காதைக் கடித்ததும், "அலாமாக், அவனா!" என்று கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டாய்.

ஆஸ்பத்திரியில் நீ படுத்துக்கிடந்தபோது நான் உனக்குப் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு கதையிலும் சரியான நேரத்தில் யாராவது கதவை உடைத்துக்கொண்டு வந்து அவளைக் காப்பாற்றினார்கள். உனக்கு யாரும் வரவில்லை. ஒரு நாள் பொறுக்கமுடியாமல் புத்தகத்தை மூடி, "எல்லாம் பொய்டி" என்று அழுதுவிட்டேன். நீதான் என்னைத் தேற்றினாய்.

"காப்பாத்துறதுக்காகவா படிக்கிறோம்? பயமா இருக்குன்னு அவ வாயத் தொறந்து சொல்றா. அத ஒருத்தன் சிரிக்காம கேக்குறான். நமக்கு யாருடி கேட்டா? அதுக்குத்தான் லா. நீ படி."

படித்தேன். அந்தப் புத்தகம் முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

மிச்சத்தை நான் தனியாக முடித்தேன். இப்போதும் வாங்குகிறேன், திட்டிக்கொண்டே படிக்கிறேன். போலீஸ்காரர்கள் எல்லாரும் அழகாக இருந்து தொலைக்கிறார்கள். என்னைக் கேட்டவருக்குத் தொப்பை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் போன் செய்தார். ஒத்திகை பார்த்து வைத்ததெல்லாம் பறந்துவிட்டது. "எனக்குப் பயமா இருக்குங்க" என்றேன். பிள்ளைகள் என்ன சொல்லுமோ, கோயிலில் என்ன பேசுவார்களோ என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று அவர் சொல்லியிருந்தால் போனை வைத்திருப்பேன்.

"எனக்கும்தாங்க. நேத்துலேர்ந்து சோறு எறங்கல" என்றார்.

சரி என்றேன். லைன் சரியில்லை, "என்ன சொன்னீங்க?" என்று கேட்டார்.

"சரின்னு சொல்றேன்!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

உனக்குக் கேட்டதாடி?