தெரியாமல் எழும்பி நின்றது

யேசு மரி சூசை

ஸ்காபரோ,
நவம்பர் 17

அன்புள்ள மகள் கரோலினுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவின் முழங்காலையும் என் மனத்தையும் கழித்துவிட்டால் மற்றதெல்லாம் சுகம். அங்கே நீயும் றிச்சர்ட்டும் குழந்தை மிலானியும் அந்தக் குளிருக்குள் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும் என்று விடியவும் கும்பிடுகிறேன், பொழுதுபடவும் கும்பிடுகிறேன். கடிதத்தின் தலையில் வழக்கம்போல மூன்று பெயரையும் எழுதிவிட்டேன், எழுதின பிறகுதான் நீ முகம் சுளிப்பாயோ என்று யோசித்தேன், அழித்தால் இன்னும் வடிவில்லாமல் இருக்கும், அப்படியே இருக்கட்டும். ரெலிபோனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். ரெலிபோனில் நான் வாயைத் திறக்கக் குழந்தை அழும், அல்லது நீ, அம்மா நான் பிறகு எடுக்கிறன் என்பாய், உன் பிறகு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் வரும். அதுவுமில்லாமல் இது சொல்லச் சொல்ல நான் எனக்கு வசதியாக மாற்றிச் சொல்லிவிடக்கூடிய விஷயம். எழுதினால் எழுதினதுதான். மிளகாய்த்தூள் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன். தூள் இந்த முறை கொஞ்சம் கறுத்துப்போய்விட்டது, வறுக்கும்போது மனம் சட்டியில் இல்லை.

சுற்றி வளைக்காமல் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். செப்ரெம்பரில் நீ குழந்தைக்கு ஞானஸ்நானம் வேண்டாம், வளர்ந்து தானே முடிவெடுக்கட்டும் என்றாய். ஆஸ்பத்திரியில் நீ பார்க்கிற வயதான பூர்வகுடிகள், சின்ன வயதில் தங்களைப் பிடித்துக்கொண்டுபோய் அடைத்த, சுவாமிமார் நடத்தின பள்ளிக்கூடங்களைப் பற்றிச் சொன்னதைக் கேட்ட பிறகு கோவில் வாசலை மிதிக்க ஏலாமல் இருக்கிறது என்றாய். நான் சத்தம் போட்டேன், பிறகு உன் பிள்ளை உன் விருப்பம் என்று சொல்லிப் போனை வைத்தேன். வாய்தான் அப்படிச் சொன்னது. அடுத்த நாளே பேர்ணடெற்றிடம் போய் அழுதேன், அவளைத் தெரியும்தானே, என்னோடு கோவில் பாடகர் குழுவில் நிற்கிறவள், எதற்கும் ஒரு குறுக்குவழி வைத்திருப்பாள். அவள் சொன்னாள், இதுக்கேன் அழுகிறீர், டிசம்பரிலை மகளிட்டைப் போறீர்தானே, குளிக்க வாக்கேக்கை தலையிலை மூண்டு தரம் ஊத்தி வேண்டியதைச் சொல்லிப்போட்டு வாரும், ஆருக்குத் தெரியப்போகுது என்று. ஆபத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று நானும் ஞானோபதேசத்தில் படித்ததுதான். குழந்தைக்கு ஒரு ஆபத்தும் இல்லை என்பது எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் மந்திரித்த தீர்த்தம் ஒரு சின்னப் போத்தலில் எடுத்து, குழந்தைக்குப் பின்னின தொப்பிக்குள் சுற்றி, உங்களிடம் கொண்டுவருகிற பெட்டியின் அடியில் வைத்தேன். அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

உனக்கு மூத்த ஆண்பிள்ளை ஒன்று பிறந்து ஒரு பகல்கூட இருக்காமல் போனது உனக்குத் தெரியும். தண்ணீர் ஊற்ற ஒருவரும் பக்கத்தில் இல்லை, நான் மயக்கத்தில் கிடந்தேன். சுவாமி ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் ஞானஸ்நானம் பெறாத பிள்ளையென்று சேமக்காலையில் மற்றவர்களோடு வைக்காமல் மதிலோரமாகத்தான் புதைத்தார்கள். இப்போது அப்படியெல்லாம் இல்லை என்று இங்கேயுள்ள சுவாமி சொல்லுகிறார். அவர் சொல்லுகிறார், எனக்குத்தான் கேட்கவில்லை. மிலானி தும்மினாலே எனக்கு அந்த மதில்தான் ஞாபகம் வருகிறது. இதை உனக்கு நியாயமென்று சொல்லவில்லை, ஏன் அந்தப் போத்தல் பெட்டிக்குள் போனது என்று சொல்லுகிறேன்.

இனி நீ அனுப்பின ரிக்கெற்றுக்கு வருகிறேன். சண்டை பிடித்த பிள்ளை ஒரு வார்த்தையும் எழுதாமல் இரண்டு ரிக்கெற் மட்டும் அனுப்பினபோதே இதற்குள் ஏதோ இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கின ரிசேவில் பிறந்த பிள்ளை, டெல்பின் என்று பெயர், தானே பாட்டெழுதி மெட்டுப் போட்டுப் பாடுகிறவள், இப்போது ரொறொன்ரோவில் சிம்பொனிக்காரரோடு பாடப்போகிறாள், நீங்கள் கட்டாயம் போங்கோ என்று மட்டும் பிறகு போனில் சொன்னாய். அப்பா மிசிசாகாவில் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, கலியாணத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டார். நான் சேலை கட்டி மேலே குளிர்க்கோட்டுப் போட்டுக் கழுத்தில் குருசுச் சங்கிலியும் போட்டேன். கோ ரெயினில் போய் இறங்கி நடந்தோம், காற்று சேலையைப் பிடித்திழுத்தது. கைப்பைக்குள் இடைவேளைக்குச் சாப்பிடப் பற்றிஸ் பொரித்து வைத்திருந்தேன், வாசலில் பையைத் திறந்து பார்த்த பிள்ளை மணத்துக்குச் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள்.

எங்கள் இருக்கை மேல்மாடியில். நான் ஓரிடத்தில் அடங்கி இருக்கிறவள் இல்லை, பூசையில் பிரசங்கம் நீண்டாலே கைப்பையைத் துழாவுகிறவள். அங்கே இனிப்புக் கடதாசியைப் பிரித்தால்கூட முன்வரிசை திரும்பிப் பார்க்கிறது. முதலில் ஒரு பெண் வந்து இந்த மண்டபம் நிற்கிறது எந்தெந்தப் பூர்வகுடிகளின் நிலம் என்று சொன்னாள். அப்பா என் காதுக்குள், எல்லா இடமும் இதைத்தான் சொல்லுகினம், திருப்பிக் குடுக்கிற நோக்கம் இருக்கிற மாதிரித் தெரியேல்லை என்றார். பிறகு வயலின்காரர் எல்லோரும் ஒரே சுருதிக்கு வந்தார்கள், கண்டக்ரர் வந்தார், டெல்பின் வந்தாள். பெரிய உடுப்பொன்றும் இல்லை, சப்பாத்து பனிக்குப் போடுகிற சப்பாத்து மாதிரித்தான் இருந்தது, கையில் ஒரு வட்டப் பறை. குரல் கனமான குரல். அவளுக்குப் பின்னால் அத்தனை வாத்தியங்களும் இருந்தும் அவள் யாருக்கும் பயப்படுகிற மாதிரி இல்லை. பாட்டெல்லாம் அவர்களுடைய பாஷை, ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் நல்லாயிருந்தது. இடைவேளையில் அப்பா பற்றிஸைச் சாப்பிட்டுவிட்டு, இரண்டாம் பாதியில் கண்ணயர்ந்துவிட்டார்.

அப்போதுதான் அது நடந்தது. விளக்கைக் குறைத்தார்கள். வயலின்கள் மட்டும் மெதுவாக ஒரு மெட்டை எடுத்தன, இரண்டாவது வரி வரமுன்னமே என் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. திருநாளில் மாதா சுருவம் சுற்றி வந்து திரும்பக் கோவிலுக்குள் நுழையும்போது எல்லோரும் எழும்பி நின்று பாடுவோமே, அந்த மெட்டு. பிரான்சுச் சுவாமிமார் அந்தக் காலத்தில் எங்களுக்குக் கொண்டுவந்தது. இங்கேயும் வருஷா வருஷம் நானும் பேர்ணடெற்றும் முன்வரிசையில் நின்று பாடுகிறதுதான். பிள்ளை, நான் ஒன்றும் யோசிக்கவில்லை. எழும்பிவிட்டேன். அப்பாவின் முழங்கையைப் பிடித்து அவரையும் தூக்கிவிட்டேன், அவர் நித்திரையிலிருந்து எழும்பிப் பூசை என்றே நினைத்திருக்கவேண்டும், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் சிலுவை அடையாளம் போட்டுத் தமிழில் வாயும் அசைக்கத் தொடங்கிவிட்டேன். எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லமுடியாது, இத்தனை பெரிய மண்டபத்தில், இத்தனை வெள்ளைக்காரருக்கு நடுவில், எங்கள் மாதாவின் பாட்டு. எங்கள் வரிசையில் கொஞ்சப் பேர் எங்களைப் பார்த்து எழும்பினார்கள், பிறகு கீழேயும் அங்கங்கே எழும்பினார்கள்.

டெல்பின் அந்த மெட்டுக்கு மேலே தன் பாஷையில் வேறொன்றைப் பாடத் தொடங்கினாள். பறையை மெட்டோடு ஒட்டாமல் அடித்தாள், வேண்டுமென்று அடித்தாள். ஒவ்வொரு வாத்தியமாக நின்றது. கடைசியில் பறை மட்டும், பிறகு அதுவுமில்லை. அப்போது அவள் இங்கிலிசில் சொன்னாள், மெதுவாகத்தான் சொன்னாள், எல்லாம் எனக்கு விளங்கியது. இந்த மெட்டைத் தன் தாய் சட்டி பானை கழுவும்போது முணுமுணுப்பாளாம், தாய் கட்டின பாட்டென்றே தான் வளர்ந்தாளாம். தாயைச் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன அன்று தலைமயிரை வெட்டி, தலையில் தண்ணீர் ஊற்றி, வேறு பெயர் வைத்து, இந்தப் பாட்டைப் படிப்பித்தார்களாம். அந்தச் சின்னப்பிள்ளையைப் பெற்ற தாய்க்குத் தெரியாது. கோடை விடுமுறைக்குப் பிள்ளை வீட்டுக்கு வந்து தன் பெயர் இதுதான் என்று சொன்னபோதுதான் அந்த மனுசி அறிந்தாளாம். அப்படிக் கொண்டுபோன பிள்ளைகளில் சிலபேர் வீட்டுக்கு வரவேயில்லை என்று சொல்லி, தெரிந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

நான் நின்றுகொண்டிருந்தேன். இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சங்கிலியைச் சேலைக்குள் தள்ளினேன், பிறகு அதுவும் கள்ளவேலை மாதிரிப்பட்டது, வெளியே எடுத்துவிட்டேன். தலையில் தண்ணீர், தாய்க்குத் தெரியாமல் என்ற இரண்டும்தான் காதுக்குள் நின்றது. பெட்டிக்குள் தொப்பிக்குள் இருந்த போத்தல் அங்கே என் கைக்குள் இருக்கிற மாதிரி இருந்தது.

முடிந்து வெளியே வருகிறோம், படியடியில் ஒரு வயதான பூர்வகுடி அம்மா, டெல்பினின் ஊர்க்காரியாம், காதில் மணி கோத்த தோடு, என்னைத் தேடிக்கொண்டு வந்து இரண்டு கையையும் பிடித்தாள். கீழேயிருந்து பார்த்தாளாம், அந்தப் பிள்ளைகளுக்காக முதல் ஆளாக எழும்பினது நீதான், உனக்கு நன்றி என்றாள். அவளுடைய கண் நிறைந்திருந்தது. நான் பாட்டுக்குத்தான் எழும்பினேன், பிள்ளைகளுக்கு இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். எனக்கு இங்கிலிஸ் வராமலில்லை. என் மகளும் அங்கேதான் வடக்கில் நேர்ஸ் என்று மட்டும் சொன்னேன். அப்படியென்றால் எங்களைப் பார்க்க வா என்று சொல்லிவிட்டுப் போனாள். ரெயினில் அப்பா, நீ ஏன் எழும்பினனீ எண்டு அந்த மனுசியிட்டைச் சொல்லியிருக்கலாம்தானே என்றார். நீங்கள் நித்திரையிலை எழும்பினதை நான் சொல்லட்டே என்று அவரோடு கொளுவினேன். அன்றைக்குத் தொடங்கினது, இன்னும் அடங்கவில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், அலுமாரியைத் திறக்கிறேன், எதற்குத் திறந்தேன் என்று தெரியாமல் பூட்டுகிறேன். ஞாயிறு பூசைக்குப் போனேன், பாடினேன், அதை விடமாட்டேன், என்னால் விட ஏலாது. ஆனால் பாடும்போது அந்த மனுசியின் கை என் கையில் இருந்தது. எனக்கில்லாத நன்றியை வாங்கி வைத்துக்கொண்டு எப்படி இருப்பது. டிசம்பரில் என்னை அவளிடம் கூட்டிக்கொண்டு போ, பெயர் கேட்க மறந்துவிட்டேன், டெல்பினுக்குத் தெரிந்திருக்கும். அவளிடம் உள்ளதைச் சொல்லவேண்டும். கோபித்தால் கோபிக்கட்டும்.

பேர்ணடெற்றிடம் ஊற்றமாட்டேன் என்று சொன்னேன். பிள்ளையின்ரை ஆத்துமத்துக்கு நீர்தான் பொறுப்பு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள், இரண்டு கிழமையில் சரியாகிவிடுவாள். எனக்கு உன் முடிவு சரியென்று படவில்லை கரோலின், அதையும் ஒளிக்கவில்லை. சரியில்லை என்று உனக்கு முன்னாலேயே சொல்லுவேன், நீயும் சத்தம் போடு. உனக்குப் பின்னால் ஒன்றும் செய்யமாட்டேன்.

அப்பா உனக்குச் சொல்லச் சொன்னது, காருக்குப் பனிக்கால ரயர் போட்டாச்சா என்று. றிச்சர்ட்டை விடிய வேலைக்குப் போகும்போது வெறுவயிற்றோடு போகவேண்டாம் என்று சொல். நீயும் இரவு வேலை முடிந்து வந்தால் போனை நோண்டாமல் படு. குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டினால் சும்மா இருக்காமல் டொக்ரரிடம் காட்டு, நீ நேர்ஸ்தான், ஆனாலும் காட்டு. தூள் போத்தலை இறுக்கி மூடி வை.

மாதாவும் அவளுடைய மகனும் உங்கள் மூவரையும் பிடித்த கையை விடாமல் வைத்திருக்கட்டும், இதை உன்னைக் கேட்காமல் சொல்லுகிறேன், இதற்கு மட்டும் பொறுத்துக்கொள். கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. தீர்த்தப் போத்தலைப் பெட்டியிலிருந்து எடுத்துத் திரும்பக் கோவிலில் கொடுத்துவிட்டேன். ஆனால் ஞானஸ்நானத்துக்கு எந்தத் தண்ணீரும் போதும், உங்கள் வீட்டுப் பைப்பிலும் தண்ணீர் வருகிறது, என் மனத்தை நான் அறிவேன். ஆகையால் நான் வந்து குழந்தையைக் குளிக்க வார்க்கும்போது நீ என் பக்கத்தில் நில்.

உன் அம்மா,
அன்ரனெற் அருள்நாயகம்